காற்றாலை, சூரிய மின்நிலையம்: மக்களிடம் கேட்பது எந்தக் கட்டத்தில்?

கிழக்குக்காற்று எழுதியது:

வளரும் நாடுகள் பலவற்றின் புதுப்பிக்கத்தக்க ஆற்றல் சட்டங்களைப் படித்துப் பார்த்தால் வரிசை ஒன்றுதான். முதலில் இத்தனை ஆண்டுக்குள் இத்தனை மெகாவாட் என்று இலக்கு. அடுத்து வரிச்சலுகை. அப்புறம் டெண்டர், மின் கொள்முதல் ஒப்பந்தம், வங்கிக் கடன். இவ்வளவும் முடிந்த பிறகு ஊரில் ஒரு கூட்டம் போட்டு, "உங்கள் கருத்தைச் சொல்லுங்கள்" என்கிறார்கள். அந்த நேரத்தில் மக்கள் சொல்வதால் எது மாறும்? இடம் மாறாது, விலை மாறாது, உயர் அழுத்தக் கம்பி போகும் பாதையும் மாறாது.

கென்யாவின் துர்கானா ஏரிக் காற்றாலையை எடுத்துக்கொள்ளுங்கள். 365 காற்றாடிகள், 310 மெகாவாட். அங்கே வீசும் காற்று அருமையானது, அதில் யாருக்கும் சந்தேகமில்லை. ஆனால் திட்டத்துக்காக ஒதுக்கிய 1,50,000 ஏக்கரும் மார்சபிட் பகுதியின் மேய்ச்சல் சமூகங்கள் தலைமுறை தலைமுறையாகக் கால்நடைகளை ஓட்டிச் சென்ற பொது நிலம். எங்களைக் கேட்காமல் எப்படிக் கொடுத்தீர்கள் என்று 2014-இல் வழக்குப் போட்டார்கள். அந்த நிலப் பத்திரங்கள் சட்டப்படி வழங்கப்படவில்லை என்று மேருவில் உள்ள சுற்றுச்சூழல், நில நீதிமன்றம் 2021 அக்டோபரில் தீர்ப்புச் சொன்னது. அதற்குள் காற்றாடிகள் மின்சாரம் கொடுக்கத் தொடங்கி மூன்று ஆண்டுகள் ஆகிவிட்டன. நியாயம் தங்கள் பக்கம்தான் என்று நீதிமன்றம் சொல்லியும் அந்த மக்களால் எதைத் திரும்ப வாங்க முடியும்?

முடிவெடுப்பதில் மக்களுக்குப் பங்கு வேண்டும் என்பதை உலக நாடுகள் 1992-லேயே ஐ.நா. சுற்றுச்சூழல் மாநாட்டின் ரியோ பிரகடனத்தில், 10-ஆம் கோட்பாட்டில் ஒப்புக்கொண்டன. 1998-இல் வந்த ஆர்ஹஸ் உடன்படிக்கை ஒரு படி மேலே போய், எல்லா வழிகளும் திறந்திருக்கும்போதே மக்களைக் கலந்து பேச வேண்டும் என்று 6-ஆம் பிரிவில் எழுதியது. அது ஐரோப்பிய வட்டாரத்துக்காக எழுதப்பட்டது. அந்த வட்டாரத்துக்கு வெளியிலிருந்து அதில் முதலில் சேர்ந்த நாடு கினி-பிசாவ், அதுவும் 2023-இல்தான்.

எல்லாக் கதவும் திறந்திருக்கும் நேரம், அதுதான் எனக்கு முக்கியம். இடத்தைத் தேர்வு செய்வதற்கு முன், டெண்டர் விடுவதற்கு முன், மக்களைக் கேட்பதைச் சட்டமே கட்டாயமாக்க வேண்டும் என்பது என் நிலைப்பாடு. இந்தத் துறையில் வேலை செய்கிறவர்கள், வழக்குப் பார்த்தவர்கள், கூட்டங்களுக்குப் போனவர்கள் சொல்லுங்கள். இது நடைமுறைக்கு வருமா?

டர்பைன்காரர் எழுதியது:

காற்றாலை நிறுவும் வேலையில் இருக்கிறேன். அந்தப் பக்கத்திலிருந்து சொல்கிறேன், கோபித்துக்கொள்ள வேண்டாம்.

நிலக்கரி ஆலைக்கு ஆயுள் முழுக்க எரிபொருள் வாங்க வேண்டும். காற்றுக்கும் வெயிலுக்கும் அந்தச் செலவு கிடையாது. கிட்டத்தட்ட மொத்தப் பணமும் முதல் நாளிலேயே இறங்கிவிடுகிறது. அதனால் யூனிட் விலையைத் தீர்மானிப்பது பெரும்பாலும் வட்டிதான். வளரும் நாடுகளில் வட்டி ஏற்கெனவே அதிகம். ஏலத்தில் குறைந்த விலை கேட்டு வேலையை எடுத்தவர் குறித்த தேதிக்குள் மின்சாரம் கொடுக்காவிட்டால் அபராதம், வங்கி உத்தரவாதமும் போகும். ஆறு மாதம் தள்ளிப்போனால் அடுத்த ஏலத்தில் எல்லோரும் அந்த ஆபத்தையும் சேர்த்துத்தான் விலை போடுவார்கள். கடைசியில் அதைக் கட்டுவது யார்? மின் கட்டணம் கட்டும் ஏழைக் குடும்பங்களும்தான்.

இன்னொன்றும் யோசியுங்கள். ஒரு காற்றாலை தாமதமாகும் ஒவ்வொரு மாதமும் எங்கோ ஒரு பழைய நிலக்கரி ஆலை கூடுதலாக ஓடுகிறது. அதன் சாம்பலை மூச்சில் வாங்குகிறவர்களும் மக்கள்தானே? அவர்களை எந்தக் கூட்டத்துக்கு அழைக்கிறோம்?

துர்கானா பற்றி ஒரு தகவல் விட்டுப்போயிற்று. அங்கே காற்றாடிகள் 2017-இல் தயார். மின்பாதை வந்தது 2018-இல். அந்தத் தாமதத்துக்கு மேய்ச்சல்காரர்களின் வழக்கு காரணம் இல்லை, ஆனால் அதற்காகக் காற்றாலை நிறுவனத்துக்குக் கொடுக்க வேண்டிய ஈட்டுத்தொகைச் சுமை அரசின் மேலும் நுகர்வோர் மேலும்தான் விழுந்தது. தாமதம் எந்த வழியில் வந்தாலும் அதற்கு விலை உண்டு என்பதற்காகச் சொல்கிறேன்.

சட்டமேசை எழுதியது:

டர்பைன்காரர் ஐயா சொல்லும் வட்டிக் கணக்கு சரி. அந்தக் கணக்கே முன்கூட்டிக் கேட்கச் சொல்கிறது என்பது என் வாதம்.

கென்யாவிலேயே கினாங்கோப் என்று ஒரு காற்றாலைத் திட்டம் இருந்தது, 60 மெகாவாட். முதலீட்டாளர்கள் வந்தார்கள், கடன் ஏற்பாடானது. நிலத்தையும் ஈட்டுத்தொகையையும் பற்றிய கேள்விகளுக்குப் பதில் இல்லாததால் உள்ளூர் எதிர்ப்பு முற்றி, 2016-இல் திட்டத்தையே கைவிட்டார்கள். மெக்சிகோவின் ஓஹாகா மாநிலத்தில் சான் தியோனிசியோ தெல் மார் கடற்கரையில் 396 மெகாவாட் காற்றாலை வரவிருந்தது. அங்குள்ள மீனவ மக்கள் பூர்வகுடிகள். பூர்வகுடிகளின் உரிமை பற்றி மெக்சிகோ 1990-லேயே ஏற்ற சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் 169-ஆம் உடன்படிக்கைப்படி அவர்களிடம் முன்கூட்டியே கலந்து பேசியிருக்க வேண்டும். பேசவில்லை. நீதிமன்றத் தடை வந்தது, மறியல் வந்தது, திட்டம் அந்த ஊரை விட்டே போயிற்று. அதே திட்டத்தை ஹுச்சித்தானுக்கு மாற்றிய பிறகுதான் 2014-15-இல் முறையான கலந்தாலோசனை நடத்தினார்கள். அங்கேயும் இடமும் அளவும் முன்பே முடிவாகியிருந்தன என்பதுதான் மக்களின் பெரிய குறை.

முன்கூட்டிப் பேசச் செலவாகும் மாதங்கள் கணக்குப் புத்தகத்தில் தெரிகின்றன. பேசாமல் விட்டதால் வரும் நஷ்டம் தெரிவதில்லை, வழக்கு வரும்போதுதான் தெரியும்.

நீதிமன்றங்களின் போக்கும் மாறிவருகிறது. கென்யாவின் 2010 அரசியலமைப்பு மக்கள் பங்கேற்பை ஆட்சியின் விழுமியங்களில் ஒன்றாக 10-ஆம் பிரிவில் வைத்திருக்கிறது. அதன் பலம் தெரிந்தது ஒரு நிலக்கரித் திட்டத்தில். லாமு அனல் மின்நிலையத்தின் சுற்றுச்சூழல் உரிமத்தை 2019 ஜூனில் அந்நாட்டுச் சுற்றுச்சூழல் தீர்ப்பாயம் ரத்து செய்தது. மக்கள் பங்கேற்பு சரியாக நடக்கவில்லை என்பது முக்கியக் காரணங்களில் ஒன்று. தென்னாப்பிரிக்காவில் 2017 ஏப்ரலில் மேற்குக் கேப் உயர் நீதிமன்றம், அணுமின் நிலையங்கள் வாங்குவதற்கான அரசின் தீர்மானங்களை மக்களைக் கேட்காமல் எடுத்ததற்காகச் செல்லாதவை என்றது. எவ்வளவு மின்சாரம், எந்த மூலத்திலிருந்து என்ற கொள்கை முடிவுக்கே பொதுமக்கள் கருத்து தேவை என்று சொன்னதால் அந்தத் தீர்ப்பு எனக்கு ரொம்பப் பெரியது.

எதிர்த் திசையில் போன நாடும் உண்டு. வங்கதேசம் 2010-இல் மின்சாரத்தை அவசரமாகப் பெருக்க ஒரு சிறப்புச் சட்டம் போட்டது. டெண்டர் வேண்டாம், அதன் கீழ் எடுத்த முடிவை நீதிமன்றத்தில் கேள்வி கேட்கவும் முடியாது. அவசரத்துக்கு என்று வந்த சட்டம் மீண்டும் மீண்டும் நீட்டிக்கப்பட்டு 2024 நவம்பர் வரை இருந்தது. அதற்குள் செய்த ஒப்பந்தங்கள் எவை நியாயமானவை, எவை இல்லை என்று பிறகு உட்கார்ந்து பிரிக்க வேண்டியிருந்தது. வேகத்துக்காகக் கதவைச் சாத்தினால் நல்ல முதலீட்டாளருக்கும் சேர்த்துத்தான் சந்தேகம் ஒட்டிக்கொள்கிறது.

சிறுவெளிச்சம் எழுதியது:

இந்தியாவில் பெரிய தொழிற்சாலை வந்தால் பொதுமக்கள் கருத்துக் கேட்புக் கூட்டம் நடத்துகிறார்களே, சூரிய மின்பூங்காவுக்கும் அது உண்டா? ஆயிரக்கணக்கான ஏக்கர் எடுக்கிறார்கள் என்று படித்தேன். சட்டம் தெரிந்தவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.

சட்டமேசை எழுதியது:

இல்லை. கருத்துக் கேட்புக் கூட்டம் 2006-ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையிலிருந்து வருகிறது. அதன் பட்டியலில் காற்றாலை இல்லை. சூரியத் தகடு மின்நிலையங்களுக்கும் அது பொருந்தாது என்று அமைச்சகம் பின்னர் தெளிவுபடுத்திவிட்டது. புகை இல்லை, கழிவுநீர் இல்லை, அதனால் மதிப்பீடும் வேண்டாம் என்பது அதன் பின்னுள்ள யோசனை. மாசு மட்டும்தான் பாதிப்பு என்றால் அது சரி. ஆனால் நிலம், தண்ணீர், பறவை, மேய்ச்சல் எல்லாம் அதோடு சேர்ந்தே விடுபட்டுப்போகின்றன. கூட்டம் நடத்தக் காரணமான சட்டமே இல்லாதபோது ஊர்க்காரர் எங்கே போய்ப் பேசுவார்?

2013-இன் நிலம் கையகப்படுத்தல் சட்டத்தில் நல்ல பாதுகாப்பு இருக்கிறது. சமூகத் தாக்க ஆய்வு உண்டு, அதற்குப் பொது விசாரணை உண்டு. தனியார் நிறுவனத்துக்காக எடுத்தால் பாதிக்கப்படும் குடும்பங்களில் 80 சதவீதமும், அரசு-தனியார் கூட்டுத் திட்டமானால் 70 சதவீதமும் சம்மதிக்க வேண்டும். ஆனால் அது அரசு கையகப்படுத்தினால்தான். குத்தகைக்கு எடுத்தாலோ, உரிமையாளரிடம் நேரடியாக வாங்கினாலோ, அரசுப் புறம்போக்கை ஒதுக்கினாலோ பெரும்பாலும் இதெல்லாம் வருவதில்லை. சூரிய மின்பூங்காக்கள் அதிகமும் அந்த மூன்று வழிகளில்தான் வருகின்றன.

மேய்ச்சல்வெளி எழுதியது:

சட்டமேசை சொன்ன குத்தகையைப் பற்றித்தான் எழுத வந்தேன். கர்நாடகத்தின் பாவகடா மின்பூங்கா குத்தகை முறைக்கு நல்ல உதாரணம் என்று எல்லோரும் காட்டுவது. 2,050 மெகாவாட், சுமார் 13,000 ஏக்கர். நிலத்தை விற்க வேண்டாம், பட்டா விவசாயி பெயரிலேயே இருக்கும், ஏக்கருக்கு ஆண்டுக்கு 21,000 ரூபாய், இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை 5 சதவீத உயர்வு, 28 ஆண்டு ஒப்பந்தம். மழை பொய்த்த வறண்ட தாலுகாவில் நிலம் வைத்திருப்பவருக்கு இது நிஜமான நிம்மதி. அதைக் குறைத்துச் சொல்ல மாட்டேன்.

ஆனால் அந்த வயல்களில் களையெடுத்தவர்கள், அறுவடைக்குப் போனவர்கள், அறுப்பு முடிந்த நிலத்தில் ஆடு மேய்த்தவர்கள் கையில் பட்டா இல்லை. ஒப்பந்தத்தில் அவர்கள் ஒரு தரப்பே இல்லை. வேலி போட்ட அன்றைக்கு வேலையும் போயிற்று, மேய்ச்சலும் போயிற்று. புல்வெட்டவும் தகடு துடைக்கவும் கொஞ்சம் பேரை எடுத்தார்கள், அவ்வளவுதான். யாரிடமும் எதையும் பறிக்கவில்லை என்று தாளில் காட்டலாம். தாளில் அது உண்மையும்கூட.

அதனால் எப்போது கேட்பது என்பதோடு யாரைக் கேட்பது என்பதையும் சேர்த்துப் பேசுங்கள். நில உரிமையாளர்கள் கூட்டம் என்று அழைத்தால் பெரும்பாலும் ஆண்கள்தான் வருவார்கள், பத்திரம் அவர்கள் பெயரில் இருப்பதால். விறகும் தண்ணீரும் எங்கே கிடைக்கும் என்று தெரிந்த பெண்கள் வெளியே நிற்பார்கள். இடம்பெயர்ந்து மேய்ப்பவர்கள் கூட்டம் நடக்கும் மாதத்தில் அந்தப் பக்கமே இருக்க மாட்டார்கள்.

நான் போன ஒரு கூட்டம் நினைவிருக்கிறது, எந்த நிறுவனம் என்று சொல்லப்போவதில்லை. திட்ட வரைபடம் திரையில் வந்தது. பொதுக்குளத்துக்குப் போகும் மாட்டுப்பாதை அதில் இல்லவே இல்லை, அந்த இடம் வெறும் பழுப்பு நிறம். வருவாய்ப் பதிவேட்டில் தரிசு என்று இருந்தது, வரைபடம் போட்டவர் அதையே எடுத்துக்கொண்டார். பின்வரிசையில் இருந்த ஒரு பாட்டி எழுந்து போய்த் திரையில் கையை வைத்து, இங்கேதான் தினமும் போகிறோம் என்று காட்டினார். அவர் காட்டிய பிறகு அந்தப் பாதைக்கு இடம் விட்டார்கள். வேலி இன்னும் போடவில்லை, அதனால் முடிந்தது. ஒரு வருடம் கழித்து அதே கூட்டத்தை வைத்திருந்தால் அந்தப் பாதை கிடைத்திருக்காது.

டர்பைன்காரர் எழுதியது:

மேய்ச்சல்வெளி அக்கா சொன்னது எனக்குப் புரிகிறது. அந்த மாதிரி வரைபடங்களை நானும் பார்த்திருக்கிறேன். ஆனால் எல்லோரையும் கேட்பது என்று ஆரம்பித்தால் முடிவே வராது என்ற பயமும் உண்மையானது. வருமானத்தில் பங்கு கொடுப்பது இதைவிட நேரான வழி இல்லையா?

தென்னாப்பிரிக்கா 2011-இல் தொடங்கிய ஏலமுறையின் முதல் சுற்றுகளில் மதிப்பெண்ணில் 70 சதவீதம் விலைக்கு, 30 சதவீதம் உள்ளூர் பொருளாதார வளர்ச்சிக்கு இருந்தது. உள்ளூர் சமூகத்துக்குக் குறைந்தது 2.5 சதவீதப் பங்கு, இலக்கு 5 சதவீதம். அது தவிர வருவாயில் குறைந்தது 1 சதவீதத்தைச் சமூகத் தேவைகளுக்குச் செலவிட வேண்டும். கென்யாவின் 2019 ஆற்றல் சட்டம், புவிவெப்ப ஆற்றலுக்கு நிறுவனம் கட்டும் ராயல்டியில் 5 சதவீதம் உள்ளூர் சமூகத்துக்கு என்கிறது. பிலிப்பைன்ஸில் உற்பத்தியாகும் ஒவ்வொரு யூனிட்டுக்கும் ஒரு சென்டாவோ (பெசோவில் நூறில் ஒரு பங்கு), மின்நிலையம் இருக்கும் ஊர்களுக்குப் போகிறது. கூட்டத்தில் பேசியது காற்றோடு போகும். சட்டத்தில் எழுதிய பங்கு வருடாவருடம் வரும்.

கிழக்குக்காற்று எழுதியது:

பங்கு வேண்டும், கட்டாயம் வேண்டும். ஆனால் அது பேச்சுரிமைக்கு மாற்று ஆகாது ஐயா. நீங்கள் சொன்ன தென்னாப்பிரிக்காவே அதற்குச் சாட்சி. அங்கே உள்ளூர் என்றால் திட்டத்திலிருந்து 50 கிலோமீட்டர் சுற்றளவு. காற்றும் வெயிலும் நல்ல இடத்தில் ஐந்தாறு திட்டங்கள் அடுத்தடுத்து வரும்போது வட்டங்கள் ஒன்றின் மேல் ஒன்று விழுகின்றன. ஒரு ஊர், சமூகத்தின் பங்கை வைத்திருக்கும் பல அறக்கட்டளைகளுக்குள் வருகிறது, வட்டத்துக்கு வெளியே ஒரு கிலோமீட்டரில் இருக்கும் ஊருக்கு எதுவும் இல்லை. சமூகத்தின் பங்கையே கடன் வாங்கித்தான் வாங்கிக் கொடுக்கிறார்கள், அதனால் கடன் தீரும்வரை ஈவுத்தொகை சொற்பம். அந்தப் பணத்தில் என்ன செய்வது என்பதைக்கூட ஏலத்துக்கு முன் நிறுவனமே எழுதிக் கொடுத்துவிடுகிறது. யாருக்காக எழுதினார்களோ அவர்களுக்குப் பல இடங்களில் அப்படி ஒன்று இருப்பதே தெரியாது.

நேபாளத்தில் நீர்மின் திட்டங்களின் பங்குகளில் 10 சதவீதம்வரை பாதிக்கப்படும் உள்ளூர் மக்களுக்கு ஒதுக்கும் வழக்கம் இருக்கிறது. 456 மெகாவாட் அப்பர் தாமாகோசியில் தோலகா மாவட்ட மக்கள் அப்படிச் சேமிப்பைப் போட்டார்கள். இடையில் 2015 நிலநடுக்கம். மின்சாரம் வந்தது 2021-இல். பங்குதாரர் என்றால் ஆபத்திலும் பங்கு. அதை விளக்கிச் சொல்லி, கேள்வி கேட்க விட்டு, பிறகு பங்கு விற்றால்தான் அது நியாயம்.

முடிவே வராது என்ற பயத்துக்குச் சிலியைப் பாருங்கள். பதகோனியாவில் ஐந்து அணைகள், 2,750 மெகாவாட், ஹிட்ரோஅய்சென் திட்டம். 2011-இல் சுற்றுச்சூழல் அனுமதி கொடுத்தார்கள், நாடு முழுக்கத் தெருவில் இறங்கிப் போராடினார்கள், 2014 ஜூனில் அரசே நிராகரித்தது. அதற்கப்புறம் அந்த அரசு செய்ததுதான் கவனிக்க வேண்டியது. அடுத்த அணையை எங்கே கட்டலாம் என்று தேடாமல், நாட்டின் நீண்டகால ஆற்றல் கொள்கையையே பொது விவாதத்துக்கு வைத்தார்கள். நிறுவனங்கள், பல்கலைக்கழகங்கள், சூழல் அமைப்புகள், மாநிலங்கள் எல்லாம் சேர்ந்து பேசி 2015 டிசம்பரில் 'எனர்ஜியா 2050' கொள்கை வந்தது. 2050-க்குள் குறைந்தது 70 சதவீத மின்சாரம் புதுப்பிக்கத்தக்க மூலங்களிலிருந்து என்ற இலக்கு அப்படிப் பிறந்ததுதான். ஒன்றரை ஆண்டுப் பேச்சு. அந்த ஒரு அணைத் திட்டம் அதைவிட எத்தனையோ ஆண்டுகளை விழுங்கியிருந்தது.

எல்லா ஊரையும் எல்லாத் திட்டத்துக்கும் கேட்கச் சொல்லவில்லை. எந்த நிலம் எடுக்கலாம், எது கூடாது, கம்பிகள் எந்த வழியாகப் போகும் என்று மாவட்ட அளவில் ஒருமுறை முன்கூட்டியே பேசி வரைபடம் போட்டுவிட்டால், அதற்குள் வரும் திட்டங்கள் வேகமாகப் போகலாம். உங்கள் வட்டியும் மிச்சம்.

கட்டணக்கணக்கு எழுதியது:

எல்லோரும் நிலத்தையே பேசுகிறீர்கள். கூரைத் தகடு, கட்டணம், எந்த மூலத்தில் மின்சாரம் வாங்குவது, இதெல்லாம் முடிவாகும் இடம் மின்சார ஒழுங்குமுறை ஆணையம். அங்கே போகிறவர்கள் விரல்விட்டு எண்ணக்கூடியவர்கள்தான். பெரிய ஆலைகளின் வழக்கறிஞர்கள் தவறாமல் வருகிறார்கள், வீட்டு நுகர்வோர் வருவதில்லை.

இந்தியாவின் 2003 மின்சாரச் சட்டத்தில் 64-ஆம் பிரிவைப் படியுங்கள். கட்டண மனுவைச் சுருக்கி வெளியிட வேண்டும், பொதுமக்களிடமிருந்து வரும் எல்லா ஆலோசனைகளையும் ஆட்சேபங்களையும் பரிசீலித்த பிறகே ஆணையம் 120 நாளுக்குள் உத்தரவு போட வேண்டும். விதிமுறைகளுக்கும் முன்வெளியீடு கட்டாயம், 181-ஆம் பிரிவு. எத்தனை சதவீதம் புதுப்பிக்கத்தக்க மின்சாரம் வாங்க வேண்டும் என்பதும், கூரை மின்சாரத்துக்கு என்ன விலை என்பதும் அந்த வழியில்தான் வருகின்றன. 

ஒரு ஓட்டையும் இருக்கிறது. பெரிய சூரிய, காற்றாலை ஒப்பந்தங்கள் ஏலத்தில் முடிவாவதால் 63-ஆம் பிரிவுக்குள் போகின்றன. ஏலம் முறையாக நடந்திருந்தால் அந்த விலையை ஆணையம் அப்படியே ஏற்க வேண்டும். விலையைத் திரும்பத் தோண்ட வழி குறைவு. அதனால் எவ்வளவு வாங்கப்போகிறோம், ஏன் வாங்குகிறோம் என்ற கொள்முதல் திட்டத்தின் கட்டத்திலேயே பேச வேண்டும். கிழக்குக்காற்று நிலத்துக்குச் சொன்னது இங்கேயும் பொருந்துகிறது.

விசாரணைக்குப் பலன் உண்டா என்று கேட்பீர்கள். இலங்கையில் 2024 டிசம்பரில் மின்சார சபை கட்டணத்தை மாற்ற வேண்டாம் என்று முன்மொழிந்தது. பொதுப் பயன்பாடுகள் ஆணைக்குழு மாகாணம் மாகாணமாக மக்கள் கருத்தைக் கேட்டது, கணக்கையும் தானே போட்டுப் பார்த்தது, 2025 ஜனவரியில் சராசரியாக 20 சதவீதம் குறைத்தது. கேட்கும் இடமும் கணக்குப் போடத் தெரிந்த ஆணையமும் சேர்ந்தால் இவ்வளவு நடக்கும். அதே நாட்டில் 2022-இல் மின்சாரச் சட்டத்தைத் திருத்திப் போட்டி டெண்டர் கட்டாயத்தை எடுத்தார்கள். மன்னார், பூநகரி காற்றாலை 484 மெகாவாட் அந்தச் சூழலில்தான் நேரடியாகப் பேசி முடிவானது. விலை பற்றியும் மன்னாரின் வலசைப் பறவைகள் பற்றியும் நடைமுறை பற்றியும் உச்ச நீதிமன்றத்தில் மனுக்கள் குவிந்தன. 2025 பிப்ரவரியில், அதைக் கட்டவிருந்த நிறுவனமே விலகிக்கொண்டது.

வங்கதேசத்தையும் சொல்லியாக வேண்டும். அங்கே ஆணையத்தின் விசாரணை இல்லாமலே அரசு கட்டணத்தை உயர்த்தலாம் என்று 2022 டிசம்பரில் அவசரச் சட்டம் வந்தது. அந்த அதிகாரம் போனது 2024 ஆகஸ்டில். விசாரணைக்கு ஆட்கள் வராத நாடுகளில் அதை எடுத்துவிடுவது சுலபம் என்பதால்தான் போய் உட்காருங்கள் என்று கெஞ்சுகிறேன்.

நதிக்கரை எழுதியது:

பேசச் சொல்வது நல்லது. பேசியவர்களுக்கு என்ன நடக்கிறது என்பதையும் ஒரு நிமிடம் நினையுங்கள். ஹோண்டுராஸில் பெர்த்தா காசரெஸ், லென்கா பூர்வகுடித் தலைவர், அகுவா சார்கா நீர்மின் திட்டத்துக்குத் தங்கள் மக்களின் சம்மதம் கேட்கவில்லை என்று போராடினார். அவருடைய நாடு 169-ஆம் உடன்படிக்கையை 1995-லேயே ஏற்றிருந்தது. 2016 மார்ச்சில் வீட்டில் வைத்துச் சுட்டுக் கொன்றார்கள். அணை நிறுவனத்தின் முன்னாள் தலைமை நிர்வாகி அந்தக் கொலையில் உடந்தை என்று 2021-இல் தீர்ப்பானது. அதுவும் புதுப்பிக்கத்தக்க ஆற்றல் திட்டம்தான்.

அதனால்தான் லத்தீன் அமெரிக்க, கரீபிய நாடுகளின் எஸ்கசு ஒப்பந்தத்தை நான் பெரிதாக மதிக்கிறேன். 2018-இல் ஏற்கப்பட்டு 2021 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தது. சுற்றுச்சூழலுக்காகப் பேசுகிறவர்களைப் பாதுகாக்கும் கடமையை அரசுகள் மேல் 9-ஆம் பிரிவில் வைத்திருக்கிறது. ஆசியாவிலும் ஆப்பிரிக்காவிலும் இப்படி ஒரு வட்டார ஒப்பந்தம் இல்லை. வேண்டும். மிரட்டலுக்குப் பயந்து வாயைத் திறக்காத கூட்டத்தில் எழுதிய தீர்மானம் சம்மதம் ஆகாது.

டர்பைன்காரர் எழுதியது:

நதிக்கரை எழுதியதைப் படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் எதுவும் எழுதத் தோன்றவில்லை.

கிழக்குக்காற்று சொன்ன மாவட்ட வரைபட யோசனையை ஏற்கிறேன், ஒரு நிபந்தனையோடு. அதற்குக் காலக்கெடு வேண்டும், செலவை அரசு ஏற்க வேண்டும். இன்றைக்கு அந்த வேலை ஏலம் எடுத்த நிறுவனத்தின் தலையில் இருக்கிறது. ஏலம் எடுத்தவருக்கு ஒவ்வொரு நாளும் பணம், அவர் எப்படி நிதானமாகக் கேட்பார்? நிலமும் பாதையும் மக்களோடு பேசி முடிந்த இடங்களை அரசு முதலில் தயார் செய்து, பிறகு ஏலம் விடட்டும். அப்படி ஒரு இடத்தில் காற்றாடி நிறுத்த எங்களுக்கும் மனநிறைவு.

சிறுவெளிச்சம் எழுதியது:

கட்டணக்கணக்கு ஐயா, நீங்கள் சொன்னதைப் பார்த்து ஒரு கட்டண மனுவைத் திறந்தேன். பல நூறு பக்கம், எல்லாம் அட்டவணை. எங்கே ஆரம்பிப்பது?

கட்டணக்கணக்கு எழுதியது:

முழுவதும் படிக்க வேண்டாம் தம்பி. மின் கொள்முதல் செலவு என்று ஒரு அட்டவணை இருக்கும், மொத்தச் செலவில் பெரும்பகுதி அதுதான். ஒவ்வொரு மின்நிலையத்துக்கும் நிலைச்செலவு ஒன்று, யூனிட் செலவு ஒன்று இருக்கும். நிலையம் ஓடாமல் சும்மா கிடந்தாலும் நிலைச்செலவைக் கட்டித்தான் ஆக வேண்டும். எந்த நிலையத்துக்கு அதிக நிலைச்செலவு கட்டி, குறைந்த யூனிட் வாங்கியிருக்கிறார்கள் என்று பாருங்கள். அதுவே முதல் கேள்வி. அடுத்தது, காற்றாலையையும் சூரிய நிலையத்தையும் மின்சாரம் வேண்டாம் என்று எத்தனை மணிநேரம் நிறுத்திவைத்தார்கள், ஏன் என்று கேளுங்கள். பல மனுக்களில் அந்தக் கணக்கே இருக்காது. இல்லை என்பதையே ஆட்சேபமாக எழுதலாம். அப்புறம் மின் இழப்பு சதவீதம், போன ஆண்டு சொன்னதையும் இந்த ஆண்டு நடந்ததையும் ஒப்பிட்டால் போதும்.

இரண்டு பக்கம் தாண்ட வேண்டாம். ஒவ்வொரு கேள்விக்கும் பக்க எண், அட்டவணை எண் போடுங்கள், அப்போதுதான் பொத்தாம்பொதுவாகப் பதில் சொல்லித் தப்ப முடியாது. நோட்டீஸில் உள்ள கடைசித் தேதிக்கு முன் போய்ச் சேர வேண்டும், நகலை மின் நிறுவனத்துக்கும் அனுப்புங்கள், அனுப்பிய ரசீதை வைத்துக்கொள்ளுங்கள். கடைசியில் "விசாரணையில் நேரில் பேச விரும்புகிறேன்" என்று ஒரு வரி மறக்காமல் சேருங்கள். அது இல்லாவிட்டால் பேச அழைக்காமல் போகலாம்.